பங்குப் பணம் 10 லட்சம், வாங்க முடிந்த நெல் ஆளுக்கு 80 கிலோ

திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் விவசாயிகள் சேர்ந்து தொடங்கும் நிறுவனத்துக்கு முதல் சோதனை களத்துமேட்டில்தான் வருகிறது. தை, மாசியில் சம்பாவும் தாளடியும் அடுத்தடுத்து அறுவடையாகும். அறுப்பு மெஷின் வாடகையும் உரக்கடை பாக்கியும் காத்திருக்காது. வியாபாரி களத்துக்கே வந்து பணத்தை எண்ணிக் கொடுக்கிறார். புதிய நிறுவனமோ, விற்றபின் தருகிறோம் என்கிறது. பங்குதாரராக இருந்தும் விவசாயி வியாபாரிக்கே நெல்லைப் போடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது.

கணக்கைப் பாருங்கள். இப்படிப்பட்ட 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டத்தை மத்திய அரசு 2020-ல் தொடங்கியது. ஒவ்வொன்றுக்கும் 3 ஆண்டுகளில் 18 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆனால் அது சம்பளம், அலுவலகம் போன்ற நிர்வாகச் செலவுக்கு. வியாபாரத்துக்கான முதல், உறுப்பினர்களின் பங்குத்தொகையும் அதற்கு ஈடாக அரசு தரும் மானியமும்தான். ஒருவருக்கு 2,000, நிறுவனத்துக்கு 15 லட்சம் என்பது மானியத்தின் உச்சவரம்பு. 500 பேர் ஆளுக்கு 1,000 ரூபாய் போட்டால், மானியத்தோடு 10 லட்சம் சேரும். குவிண்டால் 2,500 ரூபாய் என்று வைத்தால் 40 டன் நெல். ஆளுக்கு 80 கிலோ. ஒன்றரை மூட்டைகூட இல்லை. திட்டத்தில் கடன் உத்தரவாத நிதி இருந்தாலும், வங்கி முதலில் கேட்பது பழைய வரவுசெலவுக் கணக்கை. நேற்றுப் பிறந்த நிறுவனம் அதற்கு எங்கே போகும்?

டெல்டாவில் இன்னொரு நெருக்கடியும் உண்டு. சாதாரண நெல்லை அரசின் நேரடி கொள்முதல் நிலையமே எடுத்துக்கொள்கிறது. அங்கே கிடைக்கும் விலைக்கு மேல் கொடுத்து நிறுவனம் லாபம் பார்ப்பது கடினம். அதற்கு மிஞ்சும் வியாபாரம் விதை, உரம், இயந்திர வாடகை, பாரம்பரிய அரிசி. பக்கத்து ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் விதைத் திருவிழா நடத்தி, 2 கிலோ விதை கொடுத்து மறு ஆண்டு 4 கிலோவாகத் திரும்பப் பெற்று, 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களைப் பரப்பினார். விதை கைமாறப் பணம் தேவைப்படவில்லை. மாப்பிள்ளை சம்பாவையும் கருப்புக் கவுனியையும் அரிசியாக்கி விற்கப் பணம் தேவைப்படுகிறது. நெல்லுக்கு இன்றே பணம் தர வேண்டும். அரிசியோ மாதக்கணக்கில் சிறுகச் சிறுக விற்கும். அதுவரை பூச்சியிலிருந்தும் ஈரத்திலிருந்தும் காக்க வேண்டும்.

ஆகவே அறுவடைக்கு முன்பே கொள்முதலுக்கென்று தனிக் கடனைக் கூட்டுறவு வங்கிகள் தர வேண்டும். உறுப்பினர்களும் முதல் ஆண்டில் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கையாவது தங்கள் நிறுவனத்துக்குப் போட வேண்டும்.