வாவியைப் பிள்ளைகளுக்குக் காட்டுவோம்

மட்டக்களப்புக்குச் சுற்றுலா வருவோர் புளியந்தீவுக் கோட்டையையும் கல்லடிப் பாலத்தையும் தவறாமல் பார்க்கின்றனர். போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டையை 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். பாலத்தருகே நிலவு இரவில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்பர்.

நமக்கு இவ்வாவி வெறும் காட்சியன்று. எழுவான்கரையையும் படுவான்கரையையும் பிரிப்பதும் இணைப்பதும் இதுவே. 2007இல் படுவான்கரை வயல்களை விட்டு வந்தோர் பலர் இதைக் கடந்தே வந்தனர். மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும்வரை 'பாதை'யே துணை.

பின்னர் பிறந்த பிள்ளைகளை ஒரு விடுமுறை நாளில் அழைத்துச் செல்லுங்கள். கோட்டையைக் காட்டுங்கள்; அக்கரையில் உங்கள் வயல் இருக்கும் திசையையும் காட்டுங்கள். காணாத மண்ணில் பிள்ளைக்குப் பற்று எப்படி வரும்?