18 வயதில் பராமரிப்பு முடியும்போது: அந்நிய மண்ணில் எம் பிள்ளைக்கு யார் துணை?

யுத்த காலத்தில் தாய் தகப்பன் துணையின்றி வெளிநாடு சென்ற பிள்ளைகள் எம்மிடையே பலர். காணியை ஈடு வைத்தும் நகையை விற்றும் அனுப்பிய குடும்பங்கள் உண்டு. 18 வயதானதும் பிள்ளை உழைத்துக் கடனை அடைப்பான் என்பதே வீட்டாரின் எதிர்பார்ப்பு. அந்த வயதில் அங்கே உண்மையில் நடப்பது என்ன?

இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். பெற்றோரின்றி வந்து தஞ்சம் கோரும் சிறுவரை 1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டப்படி உள்ளூராட்சி மன்றம் பொறுப்பேற்கிறது. வளர்ப்புக் குடும்பத்திலோ விடுதியிலோ தங்கவைத்துப் படிப்பிக்கிறது.

18 வயதில் இப்பராமரிப்பு முடிந்தாலும் மன்றத்தின் கடமை முடிவதில்லை. 14 வயதுக்குப் பின் மொத்தம் 13 வாரங்களாவது, 16 வயதைக் கடந்தும், பராமரிப்பில் இருந்தவருக்கு ஓர் ஆலோசகரும், படிப்பு, வீடு, வேலை பற்றிய எழுத்துமூலத் திட்டமும் 21 வயது வரை வழங்க வேண்டுமென 2000ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. 2017ஆம் ஆண்டின் சட்டத்தால், விரும்புவோர் 25 வயது வரை ஆலோசகரின் துணையைப் பெறலாம். புகலிடம் கோரிய இளையோருக்கும் இவ்வுரிமை உண்டென்பதை, 2003இல் ஹில்லிங்டன் மன்றத்துக்கு எதிரான வழக்கில் நீதிமன்றம் உறுதிசெய்தது.

எனினும் இரு தடைகள் உண்டு. ஒன்று வயது. சிறுவரல்ல, வளர்ந்தவரே என்று கணிக்கப்பட்டால் இவ்வுதவி கிடையாது. மற்றது வதிவிட அனுமதி. தஞ்ச மனுவும் மேன்முறையீடும் நிராகரிக்கப்பட்டால், 2002ஆம் ஆண்டின் சட்டப்படி உதவி நிறுத்தப்படலாம். ஆகவே 18 வயது நெருங்குமுன்பே பிள்ளை சட்டத்தரணியைக் காண்பது அவசியம்.

இங்குள்ள நாம் செய்யக்கூடியது என்ன? பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் பாடசாலைப் பதிவுகளையும் தேடி எடுத்து அனுப்பலாம். இடப்பெயர்வில் பத்திரம் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி கேட்கலாம்.

அதைவிட முக்கியமானது, கடனைச் சொல்லிப் பிள்ளையை நெருக்காதிருத்தல். மனு முடிவாகாதவருக்கு அங்கே பொதுவாக வேலை செய்ய அனுமதியில்லை. படிப்பை விட்டுக் களவாக வேலைக்குப் போகும் பிள்ளை, குறைந்த கூலிக்கு உழைத்து, பிடிபடும் பயத்தோடும் வாழவேண்டும். தொலைபேசியில் "காசு எப்போது அனுப்புவாய்?" என்று கேட்குமுன், "படிப்பு எப்படி? சட்டத்தரணியைக் கண்டாயா?" என்று கேட்போம். கடன் இரண்டு போகம் பிந்தினாலும் அடைபடும். பிள்ளைக்கு அந்த ஆண்டுகள் திரும்பி வராது.