அரைப்பெயரும் வன்முறையே

பெருந்தோட்ட வன்முறை என்றதும் முல்லோயாவே நம் நினைவுக்கு வருகின்றது. 1940 ஜனவரி 10ஆம் திகதி, ஹேவாஹெட்டை முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கோரிய போராட்டத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். அத்தகைய வன்முறையை வரலாறு பதிந்துகொள்கின்றது. ஆனால், நுவரெலியாவிலும் அட்டனிலும் கொழுந்துக்கூடையுடன் மலையேறும் பெண்கள் எதிர்கொள்வது பதிவேடுகளில் ஏறாத வன்முறையாகும். அதன் களம் கொழுந்து நிறுக்கும் இடம்.

நிர்ணயித்த கிலோவைப் பறித்தால் முழுப்பெயர். குறைந்தால் அரைப்பெயர், அதாவது அன்றைய சம்பளத்தில் பாதி. ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் எவ்வளவு கழிப்பது, யாரை எந்த மலைக்கு அனுப்புவது என்பனவெல்லாம் மேற்பார்வை செய்பவரின் கையில். ஆகவே ஏச்சுக்கும் தகாத பேச்சுக்கும் மறுமொழி கூற எந்தப் பெண்ணும் அஞ்சுவாள். நாளைய பெயர் அரையாகிவிடுமே! மாதச் சம்பளத்தில் விழும் இந்தத் துண்டு, அட்டன் கடைவீதியின் தமிழ், முஸ்லிம் வர்த்தகர்களுடைய கடன் கொப்பிகளிலும் எதிரொலிக்கும்.

2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாவானதும் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. பறிக்கவேண்டிய கொழுந்தின் அளவு கூட்டப்பட்டு அரைப்பெயர் போடப்படுவதாகத் தொழிற்சங்கங்கள் அப்போது முறையிட்டதை வாசகர்கள் அறிவர். 2024இல் சம்பளம் 1350 ரூபாவாக உயர்ந்தது. தராசை யார் பார்ப்பது என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கின்றது.

இத்தகைய அதிகாரம் எதுவரை செல்லும் என்பதற்குக் கென்யா சாட்சி. அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் மேற்பார்வையாளர்கள் தம்மைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியதாக 70இற்கும் மேற்பட்ட பெண்கள் கூறியதை 2023 பெப்ரவரியில் பீபீசி வெளிப்படுத்தியது. வேலை வேண்டுமெனில் இணங்க வேண்டும் என்பதே அங்கிருந்த நிலைமை.

தொடர்ந்த அச்சம் உறக்கத்தைக் குலைக்கும். இரத்த அழுத்தத்தை உயர்த்தும். அலுவலகத்தில் அவமானப்பட்டவர் மாலையில் தன் வீட்டுக்குச் சென்று ஆறுதலடையலாம். தோட்டத் தொழிலாளிக்கோ லயமும் தோட்டத்திற்குள்ளேயே. ஏசியவரின் முகத்தில் விழிக்காமல் தண்ணீர்ப் பீலிக்குக்கூடச் செல்ல முடியாது.

சட்டம் இல்லையென்பதில்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 1995ஆம் ஆண்டுத் திருத்தம், வேலைத்தலத்தில் அதிகாரமுடையவர் புரியும் பாலியல் தொந்தரவையும் ஐந்து ஆண்டுகள்வரை சிறைக்குரிய குற்றமாக்கியது. எனினும், முறையிட பொலிஸுக்குச் சென்றால் அன்றைய பெயர் போய்விடும். 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமோ தேயிலைத் தொழிற்சாலைக்குள் நிற்பவரைக் காக்கும். மலையில் நிற்பவரை எட்டாது.

சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் 190ஆம் இலக்கச் சமவாயம் (2019) உடல், உள, பாலியல் தீங்குகளுடன் பொருளாதாரத் தீங்கையும் வேலைத்தல வன்முறையின் வரைவிலக்கணத்தில் சேர்த்துள்ளது. தொழில்தருநர் வழங்கும் குடியிருப்பும் அதில் அடங்கும். அந்த அளவுகோலால் நோக்கினால் நியாயமற்ற அரைப்பெயரும் வன்முறையே.

நிறுவையைத் தொழிலாளியே பார்க்கவும், கழித்த கிலோவைக் காரணத்துடன் தமிழில் எழுதிப் பெறவும், தோட்ட நிர்வாகத்துக்கு வெளியே முறையிடவும் வழி வேண்டும். இவற்றுள் முதலிரண்டுக்குப் பெரும் செலவில்லை. கம்பனிகள் நாளைக் காலையே தொடங்கலாம். மூன்றாவது, தொழில் திணைக்களத்தின் பொறுப்பு.