பொதி மேலாண்மையில் அடைவுப் பெயர்கள்: தமிழ் நோக்கில் ஒரு விளக்கம்

முன்னுரை

லினக்ஸ் இயக்குதளத்தில் மென்பொருள்கள் பொதிகளாக வந்து சேர்கின்றன. பொதியிலுள்ள கோப்புகளை உரிய அடைவுகளில் வைத்தல், புதுப்பித்தல், வேண்டாதபோது நீக்குதல் ஆகியன பொதி மேலாளரின் பணிகளாகும். இப்பணிகளுக்கெல்லாம் பெயரே அடிப்படை. பெயர் பிழைபடின் கோப்பு கிட்டாது. இரு கோப்புகளுக்கு ஓரிடத்தில் ஒரே பெயர் அமையின் ஒன்று மற்றதை அழிக்கும். இப்பெயர்கள் தெரிவு செய்யப்படும் முறையையும் அவற்றுள் தமிழ் பெறும் இடத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

1. இடமும் உரிமையும்

லினக்ஸ் அடைவமைப்புக்கான முதல் பொது வரையறை 1994இல் வெளிவந்தது. அதன் வழிவந்த தரத்தின் மூன்றாம் பதிப்பு 2015இல் வெளியாயிற்று. இத்தரம் அடைவுகளை உரிமை நோக்கிலும் பகுக்கிறது. 'யுஎஸ்ஆர்' அடைவு இயக்குதளத்தை வழங்குவோருக்குரியது; அதிலுள்ளவற்றைப் பொதி மேலாளர் மாற்றலாம். அதனுள் அமைந்த 'லோக்கல்' அடைவு நிருவாகிக்குரியது. இயக்குதளம் புதுப்பிக்கப்படும்போது அது சிதைக்கப்படலாகாது. கூடுதலாகச் சேர்க்கப்படும் மென்பொருளுக்கு 'ஆப்ட்' அடைவு உண்டு. அதனுள் பொதியின் பெயரிலோ வழங்குநர் பெயரிலோ தனி அடைவு அமையும். எனவே, ஒரு கோப்பின் இருப்பிடத்தைக் கொண்டே அதனை மாற்றும் உரிமை யாருக்குரியது என அறியலாம்.

2. பெயர் விதிகள்

டெபியன் கொள்கையின்படி பொதிப் பெயரில் ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், கூட்டல் குறி, கழித்தல் குறி, புள்ளி ஆகியன மட்டுமே வரலாம். பெயர் இரண்டு எழுத்துகளுக்குக் குறையாமல், எழுத்திலோ எண்ணிலோ தொடங்க வேண்டும். பொதியின் ஆவணங்களைக் கொண்ட அடைவும் அப்பெயரையே பெறும். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' இயக்குதளம் டெபியனை அடிப்படையாகக் கொண்டதாதலின் அதன் பொதிகளும் இம்மரபினவே. தமிழ் மொழிபெயர்ப்புக் கோப்புகள் தமிழுக்குரிய ஈரெழுத்துக் குறியீட்டைப் பெயராகக் கொண்ட அடைவில் வைக்கப்படுகின்றன. லோகித் தமிழ் எழுத்துருப் பொதியின் பெயரில் தமிழ் எழுத்து முறைக்குரிய நான்கெழுத்துக் குறியீடு இடம்பெறுகிறது.

3. தமிழ்ப் பெயரின் சிக்கல்

லினக்ஸ் கோப்பு முறைமைகள் தமிழ்ப் பெயரை ஏற்கும். ஆயின் இரண்டு இடர்கள் உள்ளன. முதலாவது நீளம். ஒரு பெயருக்குரிய எல்லை பொதுவாக 255 பைட்டுகள். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு கொள்ளும்; ஆகவே 85 குறிகளே அமையும். 'கு' என்னும் ஓரெழுத்தே இரு குறிகளாகும்.

இரண்டாவது இடர் இதனினும் பெரிது. 'கோப்பு' என்னும் சொல்லில் ஓகார உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஏகாரக் குறி, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பைட்டுகளை மட்டும் ஒப்பிடும் கோப்பு முறைமைக்கு அவை வெவ்வேறு பெயர்கள். ஒரே தோற்றமுடைய ஈரடைவுகள் அருகருகே அமையக்கூடும். அவற்றுள் எதை நீக்குவது என்று பார்வையால் தெளிய இயலாது.

முடிவுரை

இயக்குதளத்தின் உள்ளடைவுகள் உலகளாவிய நிரல்களால் படிக்கப்படுவன. அங்குக் குறுகிய, மாறாத பெயரே ஏற்புடையது. பயனர் தம் ஆவணம், படம், பதிவிறக்கம் முதலியவற்றை வைக்கும் அடைவுகளோ மனிதர் படிப்பதற்குரியன. தமிழைத் தேர்ந்தவருக்கு இவ்வடைவுகளைத் தமிழ்ப் பெயரில் அமைக்கும் வசதி லினக்ஸ் மேசைச் சூழல்களில் உள்ளது. பட்டியலில் தோன்றும் மென்பொருள் பெயரையும் பொதிப் பெயரை மாற்றாமலே தமிழில் காட்டலாம். பெயர்களைச் சேமிக்குமுன் ஒரே குறியீட்டு வடிவுக்குக் கொணரும் வழக்கத்தை நிரலாளர் மேற்கொள்வாராயின் தமிழ்ப் பெயர்கள் ஐயமின்றிப் பயன்படும்.