ஸ்க்ரூஜுக்கு வேலை டிவியில்: அன்றும் இன்றும்

1988 நவம்பரில் ‘ஸ்க்ரூஜ்ட்’ அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தபோது விமர்சகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். ரோஜர் ஈபர்ட் நான்குக்கு ஒரே ஒரு நட்சத்திரம்தான் போட்டார். கிறிஸ்துமஸ் படம் என்று குடும்பத்தோடு போனால், கதாநாயகன் கண்ணில் பட்டவர்கள் மீதெல்லாம் எரிந்து விழுகிறான். இன்று டிசம்பர் பிறந்ததும் தேடிப் போட்டுப் பார்க்கிற படங்களில் அதுவும் ஒன்று. இந்தப் பண்டிகைக்கு ஒரு படம் சொல்லுங்கள் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். அன்று மிகை என்று சிரித்தவற்றில் பாதி இன்று நடைமுறை.

மூலக்கதை 1843 டிசம்பரில் வெளிவந்த ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’. லண்டனில் ஸ்க்ரூஜ் என்று ஈவிரக்கமில்லாத ஒரு கஞ்சன்; செத்துப்போன கூட்டாளி ஆவியாக வந்து எச்சரிக்கிறான்; பிறகு மூன்று ஆவிகள் வந்து அவனைத் திருத்துகின்றன. புத்தகத்தின் விலை 5 ஷில்லிங். முதல் 6,000 பிரதிகள் கிறிஸ்துமஸுக்குள் தீர்ந்தன. ஆனால் அதை எழுதிய சார்லஸ் டிக்கன்ஸ் வண்ணப் படங்கள், தங்க எழுத்து அட்டை என்று தாராளமாகச் செலவு செய்திருந்ததால், 1,000 பவுண்டு எதிர்பார்த்தவருக்கு அந்தப் பதிப்பில் வந்தது 230 பவுண்டுதான். கஞ்சனைப் பற்றி எழுதியவர் கொஞ்சம் கஞ்சத்தனம் பார்த்திருக்கலாம்!

இயக்குநர் ரிச்சர்ட் டோனர் அந்தக் கஞ்சனை நியூயார்க் டிவி கம்பெனி ஒன்றின் தலைவனாக்கி, பில் முர்ரேயிடம் கொடுத்தார். ஃபிராங்க் கிராஸ் என்ற அந்த ஆள், கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு டிக்கன்ஸ் கதையையே நேரலையில் ஒளிபரப்பத் துடிக்கிறான். அதற்காக ஊழியர்கள் வீட்டுக்குப் போகக் கூடாது. குட்டி எலியின் தலையில் மான்கொம்பு ஒட்ட மாட்டேன் என்கிறது என்று ஒருவர் தவிக்கிறார். ‘ஸ்டேப்ளர் அடித்துப் பார்த்தாயா?’ என்கிற தொனியில் யோசனை சொல்லிவிட்டு நடக்கிறான் ஃபிராங்க். முர்ரே இதைக் குரல் உயர்த்தாமல், அலுவலக விஷயம் போலவே சொல்கிறார். படத்தின் ருசி முழுக்க அதில் இருக்கிறது. அணுகுண்டு வெடிப்பதைக் காட்டும் அவனுடைய விளம்பரத்தைப் பார்த்து ஒரு மூதாட்டி பயத்திலேயே செத்துவிடுகிறார். அவனுக்கோ செய்தித்தாளில் பெயர் வந்த சந்தோஷம். பயமுறுத்தினால்தான் ஆள் பார்ப்பான் என்ற அந்தக் கணக்கு இன்று ஒவ்வொருவர் கைபேசியிலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதலாளியாக வரும் ராபர்ட் மிச்சம், பூனைகளும் நாய்களும் டிவி பார்க்கத் தொடங்கிவிட்டன, அவற்றுக்கும் நிகழ்ச்சியில் ஏதாவது வைக்க வேண்டும் என்கிறார். கிழவருக்குக் கழன்றுவிட்டது என்று ஃபிராங்கே முழிக்கிறான். 2012-ல் அமெரிக்காவில் ‘டாக்டிவி’ என்று நாய்களுக்காகவே ஒரு சேனல் வந்தது. கட்டணச் சேனல்.

எல்லாமே இப்படிப் பலிக்கவில்லை. ஊழியர்களுக்கு ஃபிராங்க் பரிசுப் பட்டியல் போடும்போது வேண்டியவர்களுக்கு விசிஆர், மற்றவர்களுக்கு ஒரு டவல். விசிஆர் போய்விட்டது, டவல் நிலைத்தது. நெருடுகிற இடமும் உண்டு. பண்டிகைக்கு முந்தின நாள் சீட்டுக் கிழிக்கப்பட்ட ஊழியன் குடித்துவிட்டுத் துப்பாக்கியோடு அலுவலகத்துக்குள் புகுந்து சுடுகிறான். 1988-ல் அதைச் சிரிப்புக்காகவே எடுத்தார்கள். அதற்குப் பிறகு அமெரிக்கா பார்த்த செய்திகளை நினைத்தால், அந்தக் காட்சியில் இன்று உதடு பிரிய மறுக்கிறது.

ஆனால் மூன்று ஆவிகளில் நிகழ்காலத்தின் ஆவியாக வரும் கரோல் கேன் இன்னும் அப்படியே சிரிக்க வைக்கிறார். இறக்கை கட்டிய தேவதை, கீச்சுக்குரல், கையில் கிடைத்த டோஸ்டரைத் தூக்கி ஃபிராங்க் முகத்திலேயே ஒரு போடு. சின்னக் குழந்தைகள் தூங்கிய பிறகு போடுங்கள்; உறைந்து செத்துக் கிடக்கும் வீடற்ற ஒருவரின் காட்சி அவர்களுக்கானதல்ல. கடைசியில் முர்ரே கேமராவைப் பார்த்து மூச்சுவிடாமல் பேசுகிறார். திருந்திவிட்டானா, புத்தி பேதலித்துவிட்டதா என்று அன்று பலர் குழம்பினார்கள். எனக்கு இரண்டும்தான் என்று தோன்றுகிறது. ஒரே ராத்திரியில் நாலு பேயைப் பார்த்தவன் வேறெப்படிப் பேசுவான்?