தோத்தவருக்கும் ‘ஸ்டே’ உண்டு!

‘கோர்ட் ஸ்டே கொடுத்துடுச்சு!’ – நியூஸ்ல இதைக் கேட்காத வாரம் உண்டா? ஸ்டேன்னா என்னன்னு உங்க க்ளாஸ்ல கேட்டுப் பாருங்க. ‘கேஸ்ல ஜெயிச்சுட்டாங்க’ன்னுதான் பாதிப் பேர் சொல்வாங்க. இல்லீங்க! தோத்தவர்கூட ஸ்டே வாங்கலாம். அப்பீல் முடியற வரைக்கும் உத்தரவை நிறுத்தி வைக்கிறதுதான் அது.

இதுக்குன்னே அமெரிக்காவுல ஒரு சூப்பர் கேஸ் இருக்கு. அங்கே சரக்கு ரயில்களை ஓட்டுறது தனியார் கம்பெனிகள். அவங்களுக்குக் கடிவாளம் போட 1887-ல் மாநிலங்களிடை வர்த்தக ஆணையம் அமைஞ்சது. (1995 கடைசியில அதையே மூடிட்டாங்க, அது வேற கதை.) வெர்ஜினியன் ரயில்வேங்கிற கம்பெனி, மேற்கு வெர்ஜினியா சுரங்கங்களின் நிலக்கரியைக் கிழக்கே நார்ஃபோக் துறைமுகம் வரை தன் சொந்தத் தண்டவாளத்துலயே கொண்டுபோகும். முழுக் கட்டணமும் அதுக்கே! சுரங்கக்காரங்களுக்கோ மேற்குப் பக்க மார்க்கெட்டும் வேணும். ‘இன்னொரு ரயில் கம்பெனியோட சேர்ந்து மேற்கே நேரடி ரூட்டும் கூட்டுக் கட்டணமும் போடு’ன்னு ஆணையம் உத்தரவு போட்டது. கம்பெனி கோர்ட்டுக்குப் போச்சு. மூணு நீதிபதிகள் விசாரிச்சு, கம்பெனி மனுவைத் தள்ளுபடி பண்ணினாங்க. ஆனா, அப்பீல் முடியற வரை ஆணையத்தோட உத்தரவுக்கு ஸ்டேயும் கொடுத்துட்டாங்க. ஏன்னு ஒரு விளக்கமும் இல்லை!

கொஞ்சம் யோசிங்க. உத்தரவு செல்லும், ஆனா நடக்காது. கேஸ் இழுக்க இழுக்க, தோத்த கம்பெனிக்குப் பழைய வசதி அப்படியே நீடிக்கும். ஜெயிச்ச சுரங்கக்காரர் கையில காகிதம் மட்டும்தான். அந்த மாசங்கள்ல கைநழுவிப் போன ஆர்டரை அப்புறம் யார் திருப்பித் தருவாங்க? கம்பெனி பக்கமும் நியாயம் உண்டு. ஸ்டே இல்லாம அப்பீல்ல ஜெயிச்சா, நடுவுல இழந்த வருமானம் அதுக்கு வராதே!

1926-ல் சுப்ரீம் கோர்ட் கம்பெனியோட அப்பீலைத் தள்ளுபடி பண்ணுச்சு. தீர்ப்பு எழுதினவர் நீதிபதி லூயிஸ் பிராண்டைஸ். ஈடுகட்ட முடியாத நஷ்டமே வந்தாலும் ஸ்டே யாருக்கும் உரிமை இல்லை. அந்தந்த கேஸைப் பார்த்து கோர்ட் முடிவு பண்ற விஷயம்னார். காரணம் எழுதாம விட்டதுக்கு கீழ்க்கோர்ட்டுக்குக் குட்டும் வெச்சார்.

அந்த வரிக்கு ஆயுசு கெட்டி. 2009-ல் கேமரூன்காரர் ஒருத்தர், தன் அப்பீல் முடியற வரை நாடு கடத்தக் கூடாதுன்னு ஸ்டே கேட்டார். தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எடுத்துக்காட்டினது இந்த நிலக்கரி ரயில் கேஸைத்தான். அப்பீல்ல ஜெயிக்க வாய்ப்பு எவ்வளவு, ஸ்டே இல்லைன்னா திருத்த முடியாத பாதிப்பு வருமா, எதிர்த்தரப்புக்கு என்ன கஷ்டம், பொதுநலன் எந்தப் பக்கம்னு நாலையும் பார்க்கணும்னார். கீழ்க்கோர்ட் அந்தக் கணக்கைப் போடாமலே ஸ்டேயை மறுத்திருந்தது. ‘மறுபடி பாருங்க’ன்னு கேஸைத் திருப்பி அனுப்பிட்டாங்க.