அச்சமும் அச்சுத்தொழிலும்: எட்கர் ஆலன் போவின் எழுத்துப் பணி

1. முன்னுரை

காதற்கதை எழுதுபவரைக் காதலர் என்றோ, துப்பறியும் கதை எழுதுபவரைக் காவலர் என்றோ வாசகர் கருதுவதில்லை. ஆனால் பிணம், கல்லறை, கொலை, பித்து ஆகியவற்றைப் பொருளாகக் கொண்டு எழுதுபவர் தாமும் இருண்ட மனத்தினராகவே இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் வாசகரிடையே எளிதில் வேரூன்றிவிடுகின்றது. அமெரிக்கச் சிறுகதையின் முன்னோடிகளுள் ஒருவரான எட்கர் ஆலன் போ (1809-1849) இவ்வெண்ணத்துக்கு இரையானவர்களுள் முதன்மையானவர். அவருடைய கதைமாந்தரின் பித்து, அவருடைய பித்தாகவே நெடுங்காலம் படிக்கப்பட்டு வந்தது.

போ பணியாற்றிய இதழ்களின் வரலாற்றையும், அவர் இதழாசிரியர்களுக்கு எழுதிய கடிதங்களையும் நோக்கும்போது வேறோர் உருவம் புலப்படுகின்றது. வார ஊதியத்துக்கும் பக்கக் கூலிக்கும் எழுதிய உழைப்பாளி ஒருவரின் உருவம் அது. திகில் சிறுகதைக்கு அவர் வகுத்துக்கொண்ட வடிவம் அவ்வுழைப்பின் சூழலோடு நெருங்கிய தொடர்புடையது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. இதழ்த்துறையில் நுழைவு

பாஸ்டன் நகரில் நாடக நடிகர் இணையருக்குப் பிறந்த போ, மூன்று வயது நிறைவதற்கு முன்பே 1811இல் தாயை இழந்தார். ரிச்மண்ட் நகர வணிகர் ஜான் ஆலன் அவரை வளர்த்தாரேனும் முறைப்படி தத்தெடுத்துக்கொள்ளவில்லை. 1826இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்வி கடன் தொல்லையால் அவ்வாண்டிலேயே நின்றுபோயிற்று. 1834இல் ஆலன் இறந்தபோது போவுக்கென எதனையும் விட்டுச் செல்லவில்லை. 1827, 1829, 1831 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த மூன்று கவிதை நூல்களும் வருவாய் தரவில்லை.

கவிதையில் வாழ இயலாத நிலையில் போ கதைக்குத் திரும்பினார். பிலடெல்பியா வார இதழ் ஒன்று அவருடைய ஐந்து கதைகளை 1832இல் வெளியிட்டது. 1833 அக்டோபரில் பால்டிமோர் வார இதழ் நடத்திய போட்டியில் 'புட்டியில் கிடைத்த கையெழுத்துப்படி' என்னும் கடற்பயணத் திகில் கதை 50 டாலர் பரிசு பெற்றது. பரிசுக் குழுவினருள் ஒருவரான ஜான் பென்டில்டன் கென்னடி, ரிச்மண்டிலிருந்து வெளிவந்த 'சதர்ன் லிட்டரரி மெசஞ்சர்' இதழின் உரிமையாளர் தாமஸ் ஒயிட்டுக்குப் போவை அறிமுகம் செய்துவைத்தார். போவின் இதழ்ப்பணி இவ்வாறு தொடங்கிற்று.

3. 'பெரனீஸ்' தந்த படிப்பினை

1835 மார்ச்சு மாத 'மெசஞ்சர்' இதழில் 'பெரனீஸ்' என்னும் கதை வெளியாயிற்று. தான் மணக்கவிருந்த பெண்ணின் பற்களின்மேல் பித்துக்கொண்ட ஒருவன், தன்னுணர்வு இழந்த நிலையில் அவளது கல்லறையைத் திறந்து அப்பற்களைப் பிடுங்கி வந்துவிடுகின்றான். அவள் உயிரோடு புதைக்கப்பட்டவள் என்பது இறுதியில் தெரியவருகின்றது. இதன் கொடூரத்தை ஒயிட் விரும்பவில்லை.

இதற்குப் போ எழுதிய 1835 ஏப்ரல் 30ஆம் நாளிட்ட மறுமொழி ஒரு தொழிலறிஞரின் மறுமொழியாக அமைந்துள்ளது. கதைப்பொருள் அளவுகடந்து கொடியது என்பதை அவர் ஒப்புக்கொள்கின்றார். இத்தகைய பொருளில் தரமான கதையொன்றை எழுதிக்காட்ட இயலாது என எழுந்த பந்தயத்தின் விளைவே அக்கதை என்கின்றார். பின்னர், பெயர்பெற்ற இதழ்கள் யாவும் இவ்வகைப் படைப்புகளாலேயே பெயர்பெற்றன எனச் சுட்டிக்காட்டி, இவற்றின் பயனை வாசகரின் கருத்துரைகளைக் கொண்டு அளவிடாமல் இதழின் விற்பனையைக் கொண்டு அளவிட வேண்டும் என வாதிடுகின்றார். ஒன்றையொன்று ஒவ்வாத கதைகளை மாதந்தோறும் தருவதாகவும் வாக்களிக்கின்றார்.

போ மனம்போன போக்கில் இருளை நாடிச் சென்றவர் அல்லர். வாசகர் விரும்பிப் படிப்பது எது என்பதை ஆராய்ந்து தெளிந்தவர் என்பதற்கு இக்கடிதம் சான்றாகும். எடின்பரோவின் 'பிளாக்வுட்ஸ்' இதழில் வெளிவந்த திகில் கதைகளை அவர் கூர்ந்து பயின்றிருந்தார். 1838இல் அவற்றின் உத்திகளைக் கேலி செய்து ஒரு கதையே எழுதினார். தாம் பின்பற்றும் முறையைத் தாமே நகையாடும் அளவுக்கு அவருக்கு அத்தொழிலின் நுட்பம் கைவந்திருந்தது.

'பெரனீஸ்' குறித்த கண்டனத்தையும் அவர் மறந்துவிடவில்லை. 1845இல் அக்கதையை மீண்டும் அச்சிட்டபோது அதிலிருந்து நான்கு பத்திகளை நீக்கினார்.

4. ஊதியமும் பக்கக் கூலியும்

அக்காலத்து அமெரிக்க எழுத்தாளருள் பலர் வேறு வருவாய் உடையவர்கள். லாங்ஃபெல்லோ ஹார்வர்டில் பேராசிரியர். ஹாதார்ன் சுங்க அலுவலகத்தில் பணியாற்றியவர். போவுக்கோ எழுத்தும் இதழ்ப்பணியும் தவிர வேறு பிழைப்பில்லை. 1836இல் மணந்த வர்ஜீனியாவையும், அவருடைய தாயார் மரியா கிளெம்மையும் அவர் இவ்வருவாயைக் கொண்டே காக்க வேண்டியிருந்தது.

1839இல் பிலடெல்பியாவின் 'பர்ட்டன்ஸ் ஜென்டில்மன்ஸ் மேகசின்' அவருக்கு வாரம் 10 டாலர் ஊதியம் தர முன்வந்தது. திகில் இலக்கியத்தின் சிகரமாகப் போற்றப்படும் 'அஷர் மாளிகையின் வீழ்ச்சி' அவ்வாண்டு செப்டம்பரில் அவ்விதழில் வெளியாயிற்று. 1841இல் 'கிரகாம்ஸ் மேகசின்' ஆண்டுக்கு 800 டாலர் ஊதியத்தில் அவரை அமர்த்திக்கொண்டது. மெய்ப்புத் திருத்துதல், நூல் மதிப்புரை எழுதுதல், பிறர் படைப்புகளைத் தேர்தல் ஆகிய யாவும் இவ்வூதியத்துக்குள் அடங்கும். அவ்விதழின் விற்பனை சில ஆயிரம் படிகளிலிருந்து பல்லாயிரம் படிகளாகப் பெருகியபோதும் போவின் ஊதியம் அதற்கேற்ப உயரவில்லை. 1842இல் அவர் அப்பணியை விட்டு விலகினார்.

இதழ் அலுவலகத்துக்கு வெளியிலிருந்து எழுதும்போது கிடைத்தது பக்கக் கூலி. பெரிய இதழ்கள் போவுக்குத் தந்தது பக்கமொன்றுக்கு 4 அல்லது 5 டாலர். பத்துப் பக்கக் கதை ஒன்று 40 முதல் 50 டாலர் வரை ஈட்டித் தரும். அது கிரகாம் தந்த ஊதியக் கணக்கில் ஒரு மாத வருவாய்க்கும் குறைவு. எனவே மாதம் ஒரு கதையேனும் விற்றாக வேண்டும். சிற்றிதழ்களில் இதுவும் கிடைப்பதில்லை. 1843 ஜனவரியில் 'சொல்லிவிடும் இதயம்' கதையை வெளியிட்ட 'பயனியர்' இதழ் படைப்பொன்றுக்கு 10 டாலர் தருவதாக இருந்தது. மூன்றே இதழ்களோடு அது நின்றுபோயிற்று. அதன் ஆசிரியர் லோவல் கடனில் மூழ்கியதை அறிந்த போ, தமக்கு வரவேண்டிய சிறுதொகையைப் பற்றிக் கவலற்க என அவருக்கு எழுதினார்.

5. பதிப்புரிமை இன்மை

இவ்வருவாய்க் குறைவுக்கு இதழ் உரிமையாளரின் கைச்சுருக்கம் மட்டுமே காரணம் அன்று. அமெரிக்காவின் 1790ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அந்நாட்டினரின் நூல்களுக்கு மட்டுமே காப்பளித்தது. இங்கிலாந்து எழுத்தாளரின் நூல்களை எவரும் கட்டணமின்றி அச்சிட்டு விற்கலாம். டிக்கன்ஸின் புதினம் விலையின்றிக் கிடைக்கும்போது, உள்நாட்டுச் சிறுகதையாளருக்குப் பணம் தந்து நூல் வெளியிடப் பதிப்பகத்தார் ஏன் முன்வர வேண்டும்? அயல்நாட்டினருக்கும் காப்பளிக்கும் சட்டம் 1891இல்தான் அங்கு இயற்றப்பட்டது.

இதன் விளைவைப் போவின் நூல்களில் காணலாம். 25 கதைகளைக் கொண்ட அவருடைய முதல் கதைத் தொகுப்பு, இரு பகுதிகளாக 1840ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்தது. அதன் ஆதாயம் முழுவதும் பதிப்பகத்துக்கே உரியது. ஆசிரியருக்குக் கிடைத்தவை சில படிகளே. 1841இல் அதே ஏற்பாட்டில் விரிவான பதிப்பொன்றை அவர் வேண்டியபோது, முன்னைய படிகளே விற்றுத் தீரவில்லை எனப் பதிப்பகம் மறுத்துவிட்டது.

இதழ்களில் வெளிவந்த கதைகளையும் பிற தாள்கள் எடுத்து மறுபதிப்புச் செய்தன. 'தங்க வண்டு' கதையை முதலில் கிரகாமுக்கு விற்றிருந்த போ, அதனைத் திரும்பப் பெற்று 1843இல் ஒரு போட்டிக்கு அனுப்பி 100 டாலர் பரிசு பெற்றார். அக்கதை 3,00,000 படிகளுக்குமேல் பரவியதாக அடுத்த ஆண்டு லோவலுக்கு எழுதிய கடிதத்தில் அவரே குறிப்பிடுகின்றார். அப்பரவலால் அவருக்கு வந்தது புகழேயன்றிப் பொருளன்று. இறக்கும் தறுவாயில் அறிதுயிலில் ஆழ்த்தப்பட்ட ஒருவரைப் பற்றிய 'வால்டெமார் நிகழ்வின் உண்மைகள்' (1845) இலண்டனில் மெய்ச்செய்தி போலவே சிறுநூலாக அச்சிடப்பட்டது.

6. தொழிற்சூழலும் கதை வடிவமும்

ஹாதார்னின் கதைத் தொகுதிக்கு 1842 மே மாதம் எழுதிய மதிப்புரையில் போ தம் சிறுகதைக் கொள்கையை விளக்கினார். கதை ஒரே அமர்வில், அரைமணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் படித்து முடிக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். வாசகர் மனத்தில் விளைவிக்க விரும்பும் ஒற்றை உணர்வை ஆசிரியர் முதலில் முடிவு செய்துகொள்ளுதல் வேண்டும். நிகழ்ச்சிகள் யாவும் அதற்கேற்பப் படைக்கப்பட வேண்டும். முதல் வாக்கியமே அவ்வுணர்வை நோக்கி நகர்தல் வேண்டும் என்பன அக்கொள்கையின் சாரமாகும்.

ஒரே அமர்வில் முடியும் படைப்பு, இதழின் ஓர் எண்ணுக்குள் அடங்கும் படைப்பும் ஆகும். 'சொல்லிவிடும் இதயம்', 'அமான்டில்லாடோ மதுப்பீப்பாய்' (1846) ஆகிய இரண்டும் ஆங்கிலத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் சொற்களில் முடிந்துவிடுகின்றன. இவ்வளவில் ஊர் வருணனைக்கோ குடிவழி வரலாற்றுக்கோ இடமில்லை. எனவே கொலைசெய்தவனே நேரே வாசகரிடம் பேசத் தொடங்குகின்றான். களம் ஓர் அறையாகவோ நிலவறையாகவோ சுருங்குகின்றது. இடச்சுருக்கம் என்னும் தொழில் வரையறையைப் போ அச்சத்தை மிகுவிக்கும் கருவியாக மாற்றிக்கொண்டார் எனலாம்.

இம்மாற்றத்தால் அச்சத்தின் பிறப்பிடமும் மாறிற்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்துக்குரிய நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகிய நான்கைக் கூறுவார்; நான்கும் அஞ்சுபவருக்குப் புறத்தே நிற்பவை. போவின் சிறந்த கதைகளிலோ அஞ்சுபவரின் உள்ளமே அச்சத்தின் ஊற்றாக அமைகின்றது.

ஒரு கதையை ஒருமுறை எழுதி விற்றுவிடுவதோடு அவருடைய பணி முடிந்துவிடவில்லை. குறுகிய தாள்களை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிச் சுருளாக்கி, தெளிவான சிறிய கையெழுத்தில் படியெடுத்து அனுப்புவது அவர் வழக்கம். மறுபதிப்பு வாய்ப்புகளில் சொல்லையும் நிறுத்தக்குறியையும் திருத்திக்கொண்டே இருந்தார்.

7. பழியும் மீட்பும்

1847 ஜனவரி 30ஆம் நாள் வர்ஜீனியா நோயால் மறைந்தார். அதற்கு முந்தைய மாதம் அக்குடும்பத்தின் வறுமை செய்தித்தாளில் பொதுமக்களின் உதவியை நாடும் அளவுக்கு முற்றியிருந்தது. போ 1849 அக்டோபர் 7ஆம் நாள் பால்டிமோரில் இறந்தார். இரண்டாம் நாளே நியூயார்க் நாளிதழ் ஒன்றில் புனைபெயரில் வெளிவந்த இரங்கலுரை அவரை நட்பற்ற, மனம் பிறழ்ந்த மனிதராகச் சித்திரித்தது. அதனை எழுதியவர் ரூபஸ் கிரிஸ்வோல்டு. போவின் படைப்புகளைத் தொகுத்துப் பதிப்பித்தவரும் அவரே. 1850இல் அப்பதிப்பில் அவர் சேர்த்த வாழ்க்கைக் குறிப்பு இச்சித்திரத்தை மேலும் இருளாக்கிற்று.

உடன் பணிபுரிந்தோரின் சான்று இதற்கு மாறானது. 1844-45இல் நியூயார்க் மாலை இதழில் போவைப் பணியமர்த்தியிருந்த வில்லிஸ், அவர் காலை ஒன்பது மணி முதல் தாள் அச்சேறும் வரை தம் மேசையில் அமர்ந்து ஒழுங்காகப் பணியாற்றியவர் என்று எழுதினார். கிரகாமும் 1850இல் தம் இதழிலேயே போவுக்காக வாதிட்டார். குடிப்பழக்கம் போவின் பணிகளுக்கு ஊறு விளைவித்தது உண்மையே. 'மெசஞ்சர்' உரிமையாளர் 1835இலேயே அதுகுறித்து அவரை எச்சரித்துள்ளார். எனினும் கிரிஸ்வோல்டு தந்த சித்திரம் அவ்வளவில் நின்றுவிடவில்லை. அவர் வெளியிட்ட கடிதங்களுள் சிலவற்றில் இல்லாத வரிகள் சேர்க்கப்பட்டிருந்தன என்பதை ஆர்தர் ஹாப்சன் குவின் 1941இல் மூலக் கடிதங்களோடு ஒப்பிட்டு மெய்ப்பித்தார். இடைப்பட்ட தொண்ணூறு ஆண்டுகளில் போவைப் படித்தோருள் பலர் அப்பொய்யின் வழியே அவரைப் படித்தனர்.

பொய் இவ்வளவு காலம் நிலைத்தமைக்கு அவர் எழுதிய கதைகளும் ஒரு காரணம். பித்தனின் குரலை நம்பத்தக்க வகையில் அமைத்த திறமையே, அக்குரல் அவருடையது என்னும் பழிக்கு இடம் தந்தது.

8. முடிவுரை

இந்நிலை போவோடு முடிந்துவிடவில்லை. 1923இல் தோன்றிய 'வியர்ட் டேல்ஸ்' இதழில் எழுதிப் புகழ்பெற்ற லவ்கிராஃப்ட் (1890-1937), சொல்லெண்ணிக்கைக்கேற்பக் கூலி பெற்றார். பிறர் எழுத்துகளைத் திருத்திக் கொடுத்தும் வாழ்ந்தார். அவருடைய வாழ்நாளில் முறையாக நூல்வடிவில் வெளிவந்த கதை ஒன்றே. அது சிறு பதிப்பாக 1936இல் வெளியாயிற்று.

எனவே திகில் சிறுகதையை ஆராய முற்படுவோர் ஆசிரியரின் மனநோயைத் தேடுவதற்கு முன் அவருடைய கணக்கேட்டைப் புரட்டிப் பார்த்தல் நலம். எத்தனை பக்கம் தரப்பட்டது, பக்கத்துக்கு எவ்வளவு, மறுபதிப்பின் உரிமை எவருக்கு என்னும் வினாக்கள் இலக்கியத் திறனாய்வுக்குப் புறம்பானவை அல்ல. போவின் கதைகள் ஏன் அவ்வடிவில் அமைந்தன என்பதற்கு அவை பெரும்பகுதி விடை தருகின்றன. எஞ்சிய பகுதி, நெருக்கடியையும் கலையாக்கிய அவருடைய திறமையைச் சார்ந்தது.